பானையின் அடியில் ஓர் இலை

கண்டி இராச்சியத்தின் வரலாற்றை நாம் ஆண்டுதோறும் வகுப்பறையிலே கற்பிக்கின்றோம். மன்னர் பட்டியல், போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் மலையேறி வந்து பட்ட பாடு, 1815 ஆம் ஆண்டு மார்ச் 2 ஆம் நாள் எழுதப்பட்ட உடன்படிக்கை, அதன்பின் வந்த கோப்பி, கோப்பிக்குப் பின் வந்த தேயிலை ஆகிய யாவும் பாடநூலில் உள்ளன. மாணவர் மனனஞ் செய்து எழுதுகின்றனர். நாமும் புள்ளி வழங்குகின்றோம். இவ்வளவில் வரலாற்றைக் கற்பித்துவிட்டதாக நாம் நிம்மதியும் அடைகின்றோம்.

இந்நிம்மதியைக் குலைத்தவள் நம் வகுப்பு மாணவி ஒருத்தி. கண்டிக்கு அருகே ஒரு தோட்டத்து லயத்திலிருந்து நடந்து வருபவள். முதற்பாடம் பாதி கழிந்த பின்னரே பெரும்பாலும் வந்து நிற்பாள். ஒருநாள் நாம் சற்றுக் கடுமையாகவே கேட்டோம். கையை முதுகின்பின் மறைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: “அம்மா பெரட்டுக்குப் போயிருவாங்க, சேர். பானை அடிப்பிடிச்சிருச்சு. வீட்டுல ஒரே பானதான். தேச்சுக் கழுவி வச்சாத்தான் அந்திக்குச் சோறாக்க முடியும்.” அவள் மறைத்த கையின் நக இடுக்குகளிலே கரி இருந்தது.

அடிப்பிடித்த பானை பற்றி நம் பாடநூலில் ஒரு சொல்லும் இல்லை. அன்று முதல் அதனை நாமே தேடத் தொடங்கினோம். தேடியதில் கிடைத்தவற்றை இங்கே வாசகரோடு பகிர்ந்துகொள்கின்றோம்.

உணவு அடிப்பிடிப்பது ஏன் என்பதை முதலில் விளங்கிக்கொள்வோம். பானையின் அடியில் போதிய நீர் உள்ளவரை உணவின் வெப்பம் 100 பாகை செல்சியசை அவ்வளவாகத் தாண்டுவதில்லை. தீ தருகின்ற சூடு நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடுகின்றது. நீர் வற்றியதும் அடியிலுள்ள மாப்பொருளும் புரதமும் விரைவாகச் சூடேறுகின்றன. 140 பாகையளவிற் சிவந்து, அதற்கும் மேலே கருகி, பானையோடு ஒன்றிப்போகின்றன. கஞ்சியும் பருப்பும் எளிதில் அடிப்பிடிப்பதற்குக் காரணம், அவை தடித்திருப்பதனால் தெளிந்த நீரைப்போல மேலும் கீழும் சுழன்று சூட்டைப் பகிர்ந்துகொள்ளாமையே. அதனாலேதான் ஒருவர் அருகில் நின்று அகப்பையால் துழாவிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. துழாவும் கை விலகினாற் பானை கருகும். கை விலகித்தான் ஆகவேண்டுமெனில், அக்கையின் இடத்தில் வேறொன்று நிற்க வேண்டும். பானைக்கும் உணவுக்கும் இடையே மனிதர் இட்டுவந்த படலங்களின் வரலாறெல்லாம் இந்தத் தேவையிலிருந்து பிறந்ததே.

அவ்வாறு இடப்பட்ட படலங்களுள் நம் நாட்டிற் சிறந்த சான்றாக நிற்பது தென்கரைச் சிங்கள மக்களின் அம்புல் தியல். மீன் துண்டங்களை, அரைத்த கொறுக்காயும் மிளகும் உப்பும் பூசி, மண்சட்டியில் அடுக்கி, நீர் சுண்டும்வரை மெல்லிய தணலில் வைப்பர். மூடியின்மேலும் தணல் இடுவதுண்டு. கிண்டினால் மீன் உடையும், கிண்டாவிடின் அடிப்பிடிக்கும். இவ்விரண்டுக்கும் நடுவே அப்பெண்கள் கண்ட வழி, சட்டியின் அடியில் வாழையிலையை விரிப்பது. இலை தன் ஈரத்தை மெல்ல விடுகின்றது. மீனைச் சூடான மண்ணில் நேரே படவிடாது காக்கின்றது. சமையல் முடிந்ததும் இலையோடு தூக்கிவிட்டாற் சட்டியைக் கழுவும் வேலையும் குறைகின்றது. கொறுக்காயின் புளிப்பினால் அம்மீன் பனிக்கட்டியின்றியே பல நாள் கெடாதிருக்கும்.

தமிழர் அடுக்களையிலும் இவ்வறிவு உண்டு. கிழங்கு அவிக்கும் பானையின் அடியில் வைக்கோலைப் பரப்புவோம். விறகடுப்பில் ஏற்றுமுன் பானையின் வெளிப்புறத்தே சாம்பலையேனும் மண்ணையேனும் நீரிற் குழைத்துப் பூசுவோம். புகைக்கரி பானையிற் பற்றாது அப்பூச்சிற் பற்றும், கழுவும்போது பூச்சோடு கழன்றுவிடும். செம்பிலும் பித்தளையிலும் புளியிட்டுச் சமைத்தாற் களிம்பேறும் என்பதனால் அவற்றின் உட்புறத்தே ஈயம் பூசுவிப்பதும் தமிழகத்து வழக்கம். பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரத்தைத் தூவி, 232 பாகையில் உருகுகின்ற வெள்ளீயத்தைப் பஞ்சினால் உட்புறமெங்கும் தேய்த்து வெள்ளிபோல் ஒளிரச் செய்யும் தொழிலாளி தெருத்தெருவாகக் கூவி வந்த காலம் ஒன்றிருந்தது.

இவற்றைக் கண்டுபிடித்தவர் யார் என எந்தக் கல்வெட்டும் கூறவில்லை. குறுந்தொகையின் 167 ஆம் பாட்டிலே ஓர் இளம் மனைவி, தயிர் பிசைந்த விரலை உடுத்த ஆடையிலே துடைத்துக்கொண்டு, கண்ணிற் புகை சூழப் புளிக்குழம்பு ஆக்குகின்றாள். கணவன் சுவைத்து உண்கின்றான். அவள் முகம் மலர்கின்றது. கூடலூர் கிழாரின் அப்பாடலை நாம் எத்தனையோ முறை நயந்து கற்பித்திருக்கின்றோம். கணவன் எழுந்து சென்ற பிறகு அப்பானையை யார் தேய்த்தார் என்று ஒரு தடவையேனும் வகுப்பிற் கேட்டதில்லை.

இனிக் கண்டிக்கு வருவோம். 1660 இல் சிறைப்பட்டு 1679 இல் தப்பியோடிய ஆங்கிலேயன் இராபட் நொக்ஸ், 1681 இல் இலண்டனில் வெளியிட்ட நூலில் கண்டி நாட்டு எளிய வீட்டின் தட்டுமுட்டுகளைக் கணக்கெடுக்கின்றான். பிரம்பு உறிகளிலே தொங்கும் சில மண்பானைகள், உண்பதற்கு ஒன்றிரண்டு பித்தளை வட்டில்கள், முதுகுசாயா இருக்கை இரண்டொன்று, இவ்வளவே. மண்பானை வனைந்த குயவர் அரண்மனைக்கும் ஆலயங்களுக்கும் பானை கொடுக்கக் கடமைப்பட்டிருந்தனர். அதுவே அவர்தம் இராசகாரியம். கண்டி நாட்டுக் கைவினைஞர் வாழ்வை ஊரூராகச் சென்று ஆராய்ந்த ஆனந்த குமாரசுவாமி, 1908 இல் வெளியிட்ட ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூலில் இத்தகைய சேவைமுறைகளை விரிவாகப் பதிந்துள்ளார். அரச இராசகாரியம் 1832 இல் ஒழிக்கப்பட்டது. கோவிற் காணிகளோடு இணைந்த சேவைமுறை அதன் பின்னரும் நிலைத்தது.

நொக்ஸ் கூறும் வேறொரு செய்தியே நம்மைத் திடுக்கிடச் செய்வது. இரண்டாம் இராசசிங்கன் தன் உணவைப் பெண்கள் சமைப்பதையே விரும்பினானாம். அதற்கென நாட்டுப்புறங்களிலிருந்து அழகிய இளம்பெண்களைத் திரட்டி அனுப்புமாறு பலமுறை ஆணையிட்டான். மணமானவர், மணமாகாதவர் என்ற வேறுபாடு பார்க்கப்படவில்லை. சென்றவர் திரும்பி வரவுமில்லை. அரசனது பானையைத் துழாவுவதற்காக அழைத்துச் செல்லப்பட்ட ஒவ்வொரு பெண்ணும் தன் வீட்டில் ஒரு பானையைத் துழாவாது விட்டுச் சென்றாள் அன்றோ? அடுப்படியில் நிற்கும் கையை ஓர் ஆணை அகற்றக்கூடும் என்பதற்கு, கண்டி மண்ணில் நமக்குக் கிடைத்த பழைய எழுத்துச் சான்று இதுவே.

* * *

1664 இற் கிளர்ச்சி ஒன்று மூண்டபின் அம்மன்னன் வாழ்ந்தது ஹங்குராங்கெத்தைப் பக்கத்தில். அதே மலைத்தொடரிலேதான், ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழிந்த பின், அடுப்படிக் கையை அகற்றும் இரண்டாம் ஆணை பிறந்தது. 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869 இல் இலைநோய் கோப்பியைத் தாக்கத் தொடங்கியது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் மலைகள் தேயிலைக்கு மாறின.

இம்மாற்றத்தைப் பாடநூல் பயிர்மாற்றமாக மட்டுமே காண்கின்றது. அடுக்களையிலிருந்து நோக்கின் அது வேறொன்று. கோப்பி, பருவத்துப் பயிர்; பழம் பறிக்கும் காலத்தில் தமிழகத்திலிருந்து மன்னார் வழியே காட்டுப்பாதையில் நடந்து வந்தோரிற் பலர், பருவம் முடிந்ததும் திரும்பிச் சென்றனர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து விடுவது. அதனைப் பறிக்க நிலையாகத் தங்கும் குடும்பங்கள் வேண்டும். அக்குடும்பங்களின் பெண்கள் வேண்டும். எனவே, தேயிலை கொழுந்தை மட்டும் கிள்ளவில்லை; அடுப்பின் முன் நின்ற கையையும் கிள்ளி எடுத்துக்கொண்டது.

பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட லயக் காம்பரா. அதன் இஸ்தோப்பிலோ மூலையிலோ அடுப்பு. விறகு என்பது பெரும்பாலும் கவ்வாத்து வெட்டிய தேயிலை மிலாறு. மெல்லிய மிலாறு சட்டெனப் பற்றி உயர எரியும், சட்டெனத் தணியும். ஒருவர் அருகிலிருந்து தள்ளிவிட்டும் இழுத்தும் காத்தாலன்றி அத்தீ ஒரு சீராய் நில்லாது. மண்பானை சூட்டை மெல்ல வாங்கி மெல்ல விடும். பின்னாளில் அதனிடத்தைப் பிடித்த மெல்லிய அலுமினியமோ தீநாவின் சூட்டை உடனே உணவின் அடிக்குக் கடத்திவிடும். விடிவதற்குமுன் தப்பொலி. ஆறு மணியளவிற் பெரட்டு. பிந்தினாற் பெயர் விழாது; பெயர் விழாவிடின் அன்றைய கூலி இல்லை. அரைவேக்காட்டுப் பானையைத் தணலில் விட்டுவிட்டு, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் ஒப்படைத்துவிட்டு, கூடையை மாட்டிக்கொண்டு ஏறுகின்ற தாய் அப்பானைக்கு என்ன செய்ய முடியும்? ஆணோடு சேர்ந்து மலையேறிய அவளுக்கு நாட்கூலியும் குறைவாகவே விதிக்கப்பட்டிருந்தது. தோட்டங்களில் ஆண், பெண் கூலி சமமாக்கப்பட்டது 1984 இலேதான்.

‘பானை பிடித்தவள் பாக்கியசாலி’ என்பது நம் பழமொழி. இதன் மறுபக்கத்தை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பாக்கியம் பானை பிடித்தவளுடையதாயின், பானை கருகும்போது குற்றமும் அவளுடையதாகிவிடுகின்றது. மாமியார் கடிகின்றாள்; கணவன் கடிகின்றான்; பிந்தி வந்ததற்காகக் கங்காணியும் கடிகின்றான்; இறுதியில் அவளுடைய மகளை, வரலாறு கற்பிக்கும் நாமும் கடிந்துகொண்டோம். பானையின் அடியிலிருந்த கரி கவனக்குறைவின் சுவடன்று. அந்தப் பெண்ணின் காலைப்பொழுது யாருக்குச் சொந்தமாயிருந்தது என்பதற்கு அது சான்று.

அப்பொழுதின் விலையைச் சிறிதேனும் உயர்த்தக் கேட்டோர் பெற்ற விடை யாது? 1940 சனவரியில், இதே ஹேவாஹெட்டைப் பக்கத்து முல்லோயாத் தோட்டத்திலே, கூலி உயர்வு கோரிய வேலைநிறுத்தத்தின்போது பொலிசார் சுட்டதிற் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். மலையகத் தொழிற்சங்க இயக்கம் இன்றும் நினைவுகூரும் பெயர் அது.

* * *

அதே 1940 சனவரியில், உலகின் மறுகோடியில், அமெரிக்க அரசு இர்விங் நக்சன் என்பவருக்கு ஒரு மின்பானைக்கான காப்புரிமையை வழங்கியது. இரு நிகழ்ச்சிகளுக்கும் தொடர்பில்லை. ஆனால் இரண்டும் ஒரே கேள்வியைச் சூழ்ந்தவை. வேலைக்குச் சென்றவளின் பானையை யார் பார்த்துக்கொள்வது?

லித்துவேனியாவில் யூதர் வாழ்ந்த சிற்றூர் வழக்கமொன்றை நக்சனின் தாய் அவருக்குச் சொல்லியிருந்தார். ஓய்வுநாளில் வேலை செய்யலாகாது என்பதனால், வெள்ளியன்று மாலை அவரையும் இறைச்சியும் இட்ட பானையை ஊர் வெதுப்பகத்துக்குக் கொண்டுசென்று, ஆறிக்கொண்டிருக்கும் அடுப்பினுள் இரவு முழுவதும் வைத்துவிடுவர். தீயை மூட்டாமலும் துழாவாமலும் அது வெந்துவிடும். அந்த ஆறும் அடுப்பை நக்சன் மின்கம்பியால் ஆக்கினார். 1970 இல் அவரது நிறுவனத்தை ‘ரைவல்’ நிறுவனம் வாங்கியது. 1971 இல் அப்பானை ‘குரொக்பொட்’ என்னும் பெயரோடு கடைக்கு வந்தது. பெண்கள் பெருந்தொகையாக அலுவலகங்களுக்கும் ஆலைகளுக்கும் சென்றுகொண்டிருந்த காலம் அது. காலையில் இட்டுச் சென்றால் மாலையில் உணவு ஆயத்தம் என்று சொல்லியே அதனை விற்றனர்.

அங்கும் பானை ஒட்டிக்கொள்ளவே செய்தது. ‘ஸ்லோ குக்கர்’ எனப்படும் இம்மின்பானையிலே சூடு உட்சட்டியைச் சுற்றியுள்ள கம்பிகளிலிருந்து வருகின்றது. பல மணி நேரத்திற் பக்கச்சுவரோடு ஒட்டிய குழம்பு காய்ந்து இறுகிவிடும். முதற் பானைகளில் உட்சட்டியைக் கழற்றவும் இயலாது. மின்கம்பியில் நீர் படாமற் கழுவுவது பெரும்பாடு. சில ஆண்டுகளிற் கழற்றும் உட்சட்டி வந்தது. பின்னர், சூட்டைத் தாங்கும் நைலோன் பை வந்தது. பையைச் சட்டியுள் விரித்து, அதனுட் சமைத்து, உண்டபின் பையோடு வீசிவிடலாம். தென்கரைப் பெண் வாழையிலையால் முடித்த காரியத்தையே தொழிற்சாலை நைலோனால் முடித்தது. வேறுபாடு ஒன்றுண்டு. இலை மறுநாள் எருவாகும், பை ஆகாது.

ஒட்டாத பூச்சின் கதையும் இதனோடு சேர்ந்ததே. 1938 இல் அமெரிக்க வேதியியலாளர் ரோய் பிளங்கெட் தற்செயலாகக் கண்ட பொருளை, 1954 இல் பிரெஞ்சுப் பொறியியலாளர் மார்க் கிரெகுவார் அலுமினியச் சட்டியிலே பூசினார். தூண்டியவர் அவருடைய மனைவி கொலெத். இன்று கண்டிக் கடைவீதியில் விற்கப்படும் சோற்று மின்பானைகள் பலவற்றின் உட்சட்டியில் உள்ளதும் அவ்வகைப் பூச்சே. அதனால் எத்தனையோ பெண்களின் மணிக்கட்டு நோவு குறைந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அப்பூச்சை ஆக்குவதற்கு நெடுங்காலம் பயன்பட்ட வேதிப்பொருளொன்று, அமெரிக்காவில் பார்க்கர்ஸ்பர்க் நகரருகே டியூபொன்ட் ஆலையைச் சூழ்ந்த ஊர்களின் குடிநீரிற் கலந்தது. கருவிலுள்ள குழந்தைகளுக்குக் கேடு நேரலாம் என்ற அச்சத்தினால், 1981 இல் அவ்வேலைப் பகுதியிலிருந்து பெண் தொழிலாளரை ஆலையே அகற்றியது. 2019 இல் அப்பொருள் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையின்கீழ் ஒழிக்கப்பட வேண்டியவற்றின் பட்டியலிற் சேர்ந்தது. ஓர் அடுக்களையின் சட்டி ஒட்டாதிருப்பதற்கு, எங்கோ ஓர் ஊரின் தண்ணீர் விலை கொடுத்தது.

பையின் கதை நம் வாசலிலேயே முடிகின்றது. கண்டி நகரிற் கழித்து வீசப்படும் பையும் பொதியும் தாமாக மறைவதில்லை. விடியற்காலையில் அவற்றை வாரி எடுப்போரில் கணிசமானோர், மஹியாவப் பகுதியில் வாழும் தமிழ்த் தொழிலாளர். துப்புரவு வேலைக்கென ஆங்கிலேயர் காலத்திற் குடியேற்றப்பட்டோரின் பேரர், பேத்தியர். அவர் வாரிய குப்பை நெடுங்காலமாகச் சென்று குவிந்த இடம், மகாவலிக் கரையோரத்துக் கொஹாகொடை. பானையைக் கழுவாதிருந்த கையின் வேலை அழிந்துவிடவில்லை. அது வேறொரு கைக்கு மாறியது, அவ்வளவே.

எனவே, பானையில் இடும் ஒவ்வொரு படலத்தையும் நோக்கி நாம் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். இது எந்தக் கையின் பாரத்தைக் குறைக்கின்றது? குறைத்த பாரத்தை எந்தக் கையில் ஏற்றுகின்றது? இரண்டாம் கேள்விக்கு ‘ஒருவர்மீதும் இல்லை’ என்று விடையிறுக்கும் படலமே உண்மையான முன்னேற்றம். படலங்களை இகழ்வது நம் நோக்கமன்று. கரிப்பானையைத் தேய்த்தறியாதவரே அவற்றை இகழ்வர். துழாவும் கைக்குப் பதிலாக ஓர் இலை நிற்பது நன்று. ஆனால் அக்கையை அழைத்துச் சென்றவர் யார் என்ற கேள்வியை அவ்விலை மூடிவிடலாகாது.

* * *

இவ்வளவும் அறிந்த பின், கண்டி இராச்சியப் பாடத்தை நாம் முன்போல நடத்த இயலவில்லை. ஒருநாள் வகுப்பில், வீட்டுப் பானையைக் கழுவுபவர் யார் என ஒவ்வொருவரும் ஒரு தாளில் எழுதும்படி கேட்டோம். அம்மா, அக்கா, அம்மாயி, நான் என்று விடைகள் வந்தன. ‘நான்’ என்று எழுதியவர் அனைவரும் மாணவியர். அப்பா என்றோ அண்ணன் என்றோ ஒரு தாளிலும் இல்லை. மாணவர் சிலர் சிரித்தனர்; சிலர் தலைகுனிந்தனர். நாமும் அன்று மாலை நம் வீட்டு அடுக்களையை நினைத்துக்கொண்டேதான் நடந்தோம்.

பின்னர் அம்புல் தியலைப் பற்றிச் சொன்னோம். பானையின் அடியில் வாழையிலை விரிக்கும் அறிவு எவ்வளவு எளியது, காசு வேண்டாதது, எவர் வீட்டுக்கும் உகந்தது என்று சற்றே பெருமிதத்தோடு விளக்கினோம். பிந்தி வருகின்ற அந்த மாணவி பின்வரிசையிலிருந்து எழுந்தாள்.

“வாழ நடணும்னா மண்ணு வேணும்ல, சேர்? லயத்தைச் சுத்தி இருக்கிற மண்ணு தோட்டத்துது. ஒரு கன்னு வைக்கணும்னாலும் கேட்டுத்தான் வைக்கணும்.”

1972, 1975 ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின; 1992 முதல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. இவற்றையும் நாம் ஆண்டுகளோடு கற்பித்திருக்கின்றோம். இத்தனை கைமாறிய பின்னரும், லயத்தின் வாசல் மண் அங்கு வாழ்வோரிற் பெரும்பாலானோர்க்குச் சொந்தமாகவில்லை. உலகின் மிக எளிய படலமாகிய ஒரு வாழையிலையும் அவர்களுக்கு இலவசமன்று.

அன்றைய பாடத்தை நாம் நடத்தினோம் என்று சொல்வதற்கில்லை, அவளே நடத்தினாள். அவள் இப்போதும் சில நாட்களிற் பிந்தியே வருகின்றாள். வரவுப் பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே சிவப்பு மையால் இடும் அடையாளத்தை நாம் நிறுத்திவிட்டோம்.